நைனாவைத் தங்கவயலுக்கு அழைத்துப் போகலாமா?

கேள்வி: எனக்கு 44 வயது. கோவையில் வேலை பார்க்கிறேன். பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் பக்கம் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடு ஒன்றில். எங்கள் நைனா முப்பது வருஷம் சுரங்கத்துக்குள் வேலை செய்தவர். எனக்கு 13 வயதில் அம்மா இறந்துவிட்டார். அங்கேயே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். அப்போது 17 வயதான அக்காதான் தண்ணீர் பிடித்து, சோறாக்கி எங்களை வளர்த்தார். 2001இல் சுரங்கம் மூடியதும் ஆம்பூர் பக்கம் வந்துவிட்டோம். நான் மறுபடி அந்தப் பக்கம் போகவே இல்லை. போன வருஷம் பெங்களூரில் வேலை முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் காரைத் திருப்பிக்கொண்டு போனேன். எங்கள் வீட்டு வாசலில் யாருடைய பைக்கோ நின்றது. உள்ளேயிருந்து வயதான ஓர் அம்மா வந்து, "யார் வேணும்ப்பா?" என்றார். "தப்பா வந்துட்டேம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். மொத்தம் இருபது நிமிஷம்கூட இருக்காது. அம்மா கல்லறைக்குப் போகவில்லை. அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நான்கு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. இப்போது நைனா, "ஒரு தரம் ஊருக்குக் கூட்டினு போடா" என்கிறார். அவருக்கு 78 வயது, நடந்தால் மூச்சு வாங்கும். அக்கா, "அந்தக் கோலத்தைப் பார்த்தா அவர் உடைஞ்சு போயிடுவார்" என்று சண்டை போடுகிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: அழைத்துப் போங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கம் பக்கமாக எழுதிவிட்டுக் கடைசியில் "உங்கள் மனசு சொல்வதைக் கேளுங்கள்" என்று நழுவுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் போன தடவை போன மாதிரி போகாதீர்கள். அதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது "யார் வேணும்ப்பா?" என்ற இடத்தைத்தான். அந்த அம்மா தப்பாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. நம் ஊர்களில் வாசலில் வந்து நிற்கிற எவரையும் கேட்கிற முதல் வார்த்தை அது. பால்காரரையும் கேட்போம், கல்யாணப் பத்திரிகை கொண்டுவருபவரையும் கேட்போம். அவர்களுக்குப் பதில் இருக்கும். உங்களிடம் இல்லை. ஏனென்றால் நீங்கள் "சும்மா பார்க்க" போனீர்கள். சாவுக்கோ, திருவிழாவுக்கோ, பட்டா விஷயமாகவோ போனால் ஊருக்குள் போக ஒரு வழி இருக்கிறது. யாராவது கேட்டால் சொல்ல ஒரு வாக்கியம் இருக்கிறது. ஒரு காரணமும் இல்லாமல், நினைவுகளை மட்டும் சுமந்துகொண்டு, வேறொருவர் குடியிருக்கிற வீட்டு வாசலில் நின்றால் யாருக்கும் கூச்சம் வரும். "தப்பா வந்துட்டேன்" என்று நீங்கள் சொன்னதைக் கோழைத்தனம் என்று நினைத்துக் குமைந்துகொண்டிருக்கிறீர்கள். எனக்கு அது கூச்சமாகத்தான் தெரிகிறது.

அந்தக் கூச்சத்துக்கு அடியில் இன்னொன்றும் இருக்கும். அந்த அம்மா உங்களைப் பார்த்ததும், "அடே, இன்னாரோட புள்ளைதானே?" என்று கேட்டிருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருப்பீர்கள். எல்லாரும் எதிர்பார்ப்பதுதான். ஊர் மாறியிருக்கும் என்று தயாராகப் போகிறோம், ஊர் நம்மை மறந்திருக்கும் என்பதற்கு மட்டும் தயாராக இருப்பதில்லை.

சரி, அந்த இருபது நிமிஷம் உங்களை ஏன் இவ்வளவு உலுக்கியது? இதற்கு எங்கள் உளவியல் துறையில் ஒரு பழைய பரிசோதனை உண்டு. 1975இல் காடன், பேட்லி என்ற இரண்டு உளவியலாளர்கள், தண்ணீருக்குள் மூழ்கிப் பழகியவர்களிடம் சொற்பட்டியல்களைக் கொடுத்து, சிலவற்றைக் கரையிலும் சிலவற்றைத் தண்ணீருக்கடியிலும் மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். தண்ணீருக்கடியில் படித்தது தண்ணீருக்கடியில்தான் நன்றாக ஞாபகம் வந்தது, கரையில் படித்தது கரையில். நாம் நினைவுகளைத் தலையில் மட்டும் வைத்துக்கொண்டு திரிவதில்லை, பாதியை அந்தந்த இடத்திலேயே விட்டுவிட்டு வருகிறோம். கோவையில் உட்கார்ந்து தங்கவயலை யோசித்தால் வருவது பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அந்தச் சந்தில் கார் திரும்பியதும் மீதியெல்லாம் ஒரே நேரத்தில் வந்து மேலே விழும். 13 வயதுப் பையன் அம்மாவை இழந்த வீட்டு வாசல் அது. நீங்கள் தாங்கிக்கொண்டு வண்டி ஓட்டித் திரும்பி வந்ததே பெரிய விஷயம்.

என் கதையையும் ஒரு வரி சொல்கிறேன். எனக்குச் சொந்த ஊர் மன்னார்குடி. பல வருஷம் கழித்துப் போனபோது பள்ளிக்கூட மைதானம், தெரு, பாட்டி வீட்டுத் திண்ணை எல்லாம் சுருங்கிப்போய்த் தெரிந்தன. எல்லாரும் சொல்வதுதானே என்று சிரித்துக்கொண்டு நடந்தேன். ஹரித்ராநதி தெப்பக்குளத்தருகே வந்தேன். அது மட்டும் சுருங்கவே இல்லை. இருபது ஏக்கருக்கு மேல் விரிந்த குளம் அது, எத்தனை வயதானாலும் பெரிதாகத்தான் இருக்கும். ஏனோ தெரியவில்லை, சுருங்கிய வீட்டைப் பார்த்து வராத அழுகை குளத்தைப் பார்த்து வந்தது. எது நம்மை உடைக்கும் என்று முன்கூட்டியே தெரியாது என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் அக்கா எதைப் பார்த்தால் நைனா உடைவார் என்று பயப்படுகிறாரோ, அதை அவர் கண்டுகொள்ளாமலே போகலாம்.

அடுத்து அந்த ராத்திரி இரண்டு மணி. ஊர் ஏக்கத்தால்தான் விழிப்பு வருகிறது என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. எனக்கு வேறு ஒரு சந்தேகம். சுரங்கம் மூன்று ஷிப்டாக ஓடிய ஊர் அது. ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே வீட்டில் பாத்திரம் குலுங்கும், ராத்திரியில் அப்படிக் குலுங்கினால் உள்ளே போனவர்கள் வீட்டில் யாரும் மறுபடி தூங்க மாட்டார்கள் என்று தங்கவயல்காரர்கள் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் நைனா நைட் ஷிப்ட் போன ராத்திரிகளில், அதுவும் அம்மா போன பிறகு, நீங்கள் எப்படித் தூங்கினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். சங்கு ஊதும்வரை விழித்திருந்த பையன் ஒருவன் உங்களுக்குள் இன்னும் இருக்கலாம். அந்த ஊர் வாசம் பட்டதும் அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்று தோன்றுகிறது. இது என் ஊகம்தான், நேரில் பேசினால்தான் தெரியும். நைனாவிடமே ஒரு நாள், "நீ நைட் ஷிப்ட் போனா நான் என்ன செய்வேன்?" என்று கேட்டுப் பாருங்கள்.

ஊகம் ஒருபக்கம் இருக்கட்டும். வாரத்தில் மூன்று நாளுக்குக் குறையாமல், மூன்று மாதத்துக்கு மேல் தூக்கம் கெட்டால் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும், ஊருக்குப் போய்வந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிடக் கூடாது. உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. கோவையிலேயே ஒரு மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். உடனே நேரம் கிடைக்காவிட்டால் 14416க்கு அழைத்தால் தமிழிலேயே பேசலாம், அரசின் டெலி மனஸ் சேவை, கட்டணம் கிடையாது.

இனி நைனா. 78 வயதில் ஒருவர் பழைய ஊரைப் பற்றியே பேசினால் வீட்டில் இருப்பவர்கள் பயப்படுகிறார்கள், இல்லையென்றால் சலித்துக்கொள்கிறார்கள். 1963இல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், வயதானவர்கள் பழசைக் கிளறுவது புத்தி தளர்வதன் அடையாளம் என்ற எண்ணத்தை மறுத்து எழுதினார். முடிவு பக்கத்தில் இருப்பதை உணர்கிற மனசு, வாழ்ந்ததை ஒருமுறை எடுத்துப் பார்த்துக் கணக்கு நேர் செய்கிறது, அது இயல்பான வேலை என்றார். அதில் வருத்தமும் வரும், சில பேருக்குக் குற்ற உணர்ச்சியும் வரும், அதையும் அவர் மறைக்கவில்லை. எனவே அக்கா பயப்படுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கேட்டும் கூட்டிப்போகாமல் விட்டால் நைனா அந்தக் கணக்கை நிறுத்திவிட மாட்டார், ஆம்பூரில் தனியாக உட்கார்ந்து போட்டுக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயத்தை நீங்கள் இருவருமே யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். உங்கள் தங்கவயல் லைன் வீடு, மைதானம், மாதா கோயில், சயனைடு மேட்டில் (தங்கம் பிரித்த பிறகு கொட்டிய கழிவுமண் குன்று) சறுக்கி விளையாடியது. உங்கள் நைனாவின் தங்கவயலில் பாதி பூமிக்கு மேலேயே கிடையாது. உலகத்திலேயே ஆழமான தங்கச் சுரங்கங்களில் ஒன்றாக இருந்தது அது, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்குக் கீழேயும் ஆள் இறங்கிப் போனார்கள். முப்பது வருஷம் கேஜில் (சுரங்க லிஃப்டில்) இறங்கி ஏறியவருக்கு அங்கேயும் தெருக்கள் இருந்திருக்கும், திருப்பங்கள் இருந்திருக்கும், உட்கார்ந்து டிபன் பாக்ஸ் திறந்த இடம் இருந்திருக்கும். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடியது. பம்பு நின்றதும் கீழே தண்ணீர் ஏறிவிட்டது. வீடு பாழடைந்திருந்தாலும் கதவைத் தொட்டுப் பார்க்கலாம். அவருடைய ஊரை இனி யாராலும் போய்ப் பார்க்க முடியாது. மேலே ஷாஃப்டின், அதாவது சுரங்கக் குழியின், இரும்புக் கோபுரம் நிற்கிறதா என்று பார்க்கத்தான் கேட்கிறாரோ என்னவோ.

அதனால் போவதற்கு முன்னால் அவரிடம் கேளுங்கள். "என்ன பார்க்கணும்?" என்று கேட்டால் "ஊரைத்தான்" என்பார். "யாரைப் பார்க்கணும், எங்கே உட்காரணும்?" என்று கேளுங்கள். என்னிடம் வந்த ஒருவர், மூடிப்போன பஞ்சாலையில் வேலை செய்த அப்பாவை அவர் கேட்டபடி பழைய ஊருக்கு அழைத்துப் போனார். மில் கேட்டில் கதறி அழுவார் என்று பயந்து கையில் மாத்திரையோடு நின்றாராம். பெரியவர் மில் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராக ஒரு சலூனுக்குப் போனார். பழைய முடிவெட்டுகிறவரின் மகன் இருந்தான். நாற்காலியில் சாய்ந்து ஷேவிங் செய்துகொண்டு, சோப்பு வாசத்தோடு எழுந்து, "சரி, போலாம்" என்றார். அதற்குத்தான் எட்டு மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறார்.

அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவர் பக்கம் நான் கொஞ்சம் அதிகமாகவே சாய்வேன். நீங்கள் தங்கவயல் என்று எழுதும்போது அழகாக எழுதுகிறீர்கள். அவருக்கு அதே ஊர் 17 வயதில் குடத்தோடு நின்ற குழாய்வரிசை, இருட்டியதும் பயந்து பயந்து போன பொதுக் கழிப்பறை, அடுப்புப் புகை. அவர் தாயும் இல்லாமல், தாயாகவும் இருந்த வருஷங்கள் அங்கே இருக்கின்றன. "நைனா உடைஞ்சு போயிடுவார்" என்கிறபோது தன்னைப் பற்றியும் சேர்த்துத்தான் சொல்கிறாரோ என்று தோன்றுகிறது. "நீயும் வா" என்று வற்புறுத்தாதீர்கள். "உனக்கு அங்கேயிருந்து ஏதாவது வேணுமா, யாரையாவது விசாரிக்கணுமா?" என்று மட்டும் கேளுங்கள். அவர் ஒன்றும் வேண்டாம் என்றால் அதோடு விடுங்கள். ஏக்கம் என்பதை எல்லாரும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ளக் குடும்பச் சொத்தா என்ன?

இப்போது பயணம். உங்களுக்குப் போன தடவை இல்லாத காரணம் கடிதத்திலேயே இருக்கிறது, அம்மாவின் கல்லறை. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முந்தைய சில நாட்களில் போங்கள். திருநாளன்று கூட்டம் இருக்கும், நைனாவுக்கு நிற்க முடியாது. இரண்டு மூன்று நாள் முன்னதாகப் போனால் புல் வெட்டுகிறவர்கள், சுண்ணாம்பு அடிக்கிறவர்கள் என்று ஆங்காங்கே ஆள் இருப்பார்கள். வெளியூரிலிருந்து வந்த பழைய முகங்களும் தட்டுப்படலாம். பேச்சு தானாக வரும்.

காரில் போவதைவிட, நைனாவுக்கு முடியுமென்றால், கடைசித் தூரத்தையாவது ரயிலில் போங்கள் என்பேன். பங்காருபேட்டையில் மாறி (அவர் பௌரிங்பேட்டை என்றுதான் சொல்வார்) மாரிக்குப்பம் வண்டியில் ஏறினால் கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று ஒவ்வொரு பெயராக வரும். காரில் போனால் ஊர் திடீரென்று முகத்தில் அறையும். அந்த வண்டியில் மெல்ல மெல்ல வரும். உங்களுக்குப் பையன் இருந்தால் அவனையும் அழைத்துப் போகலாம். பெங்களூர்த் தெருவில் 1905இல்தான் மின்விளக்கு எரிந்தது, தங்கவயல் சுரங்கத்துக்கு 1902லேயே சிவசமுத்திரத்திலிருந்து கரண்ட் வந்துவிட்டது என்று சொல்லுங்கள். 1965இல் அந்தச் சுரங்கத்தின் ஆழத்தில்தான் விஞ்ஞானிகள் காற்றுமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பிடித்தார்கள் என்றும் சொல்லலாம். பேரன் வாயைப் பிளந்தால் தாத்தா மீதியைச் சொல்வார்.

நைனாவை முதலில் நுரையீரல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இன்ஹேலர், ஸ்வெட்டர், முகக்கவசம் மூன்றும் பையில் இருக்கட்டும். அந்த மேட்டுநிலத்தில் அந்த மாதத்துக் காலைக் குளிர் சும்மா இருக்காது, காற்று அடித்தால் சயனைடு மேட்டிலிருந்து தூசியும் வரும். ஒரு நாளில் ஒரு வேலை போதும். முதலில் கல்லறை, அப்புறம் அவர் கேட்ட இடம். வீட்டை அவரே கேட்டால் மட்டும் பாருங்கள். பங்காருபேட்டையிலோ ராபர்ட்சன்பேட்டையிலோ ராத்தங்கலுக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், அன்றே திரும்பும் அவசரம் வேண்டாம்.

ஒரு கண்டிப்பும் உண்டு. அங்கே இருப்பவர்கள் எதிரில், "ஐயோ, ஊர் இப்படிப் பாழாப் போச்சே" என்று சொல்லாதீர்கள். உங்களுக்கு அது விட்டுவந்த ஊர், அவர்களுக்கு நாளைக் காலையும் எழுந்து வாழ வேண்டிய ஊர். சுரங்கம் மூடிய பிறகு விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்பி, பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தாங்கள் பிறந்த இடம் கண்ணெதிரே தேய்வதைப் பார்த்துக்கொண்டே அங்கேயே இருப்பது உங்கள் வலியைவிட நீளமான வலி. ஆஸ்திரேலியாவில் நிலக்கரிச் சுரங்கங்கள் தின்ற ஹண்டர் பள்ளத்தாக்கு மக்களைப் பார்த்துத்தான் கிளென் ஆல்பிரெக்ட் என்ற தத்துவ அறிஞர் இதற்கென்றே "சொலஸ்டால்ஜியா" என்று ஒரு பெயரை உருவாக்கினார், வீட்டை விட்டுப் போகாமலே வரும் வீட்டு ஏக்கம். நீங்கள் இரண்டு நாளில் திரும்பிவிடுவீர்கள். அதனால் அங்கே இருக்கும்வரை கேட்பவராக இருங்கள்.

பழைய வீட்டு வாசலுக்குப் போக நேர்ந்தால், அந்த அம்மா மறுபடி "யார் வேணும்ப்பா?" என்பார். இந்தத் தடவை நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம், நைனா பதில் சொல்லட்டும். அவருக்கு முப்பது வருஷப் பதில் இருக்கிறது.

மண்வெட்டி, சுண்ணாம்பெல்லாம் அங்கேயே கிடைக்கும். கல்லில் எழுத்து மங்கியிருந்தால் தடவுவதற்குக் கறுப்பு எனாமல் ஒரு சின்ன டப்பாவும் மெல்லிய பிரஷ் ஒன்றும் கோவையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரஷ்ஷை நீங்களே பிடித்துக்கொள்ளாமல் ஒரு எழுத்தாவது நைனாவை எழுதவிடுங்கள். கை நடுங்கினால் நடுங்கட்டும்.